குட்டி கழிகிறதா? குடற்புழு மருந்தை எடுப்பதற்கு முன் படியுங்கள்

ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் பட்டியைத் திறந்தேன். இரண்டரை மாத வெள்ளாட்டுக் குட்டி ஒன்று மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. வாலும் பின்தொடையும் பச்சையும் கறுப்புமாக அப்பிப் போயிருந்தன. மற்றக் குட்டிகள் தாயிடம் ஓடின, இது அசையவில்லை. மருந்துக்கடையில் குடற்புழு நீக்க மருந்து வாங்கி ஊற்றினேன். மூன்று நாளில் இன்னும் இரண்டு குட்டி கழிந்தது. அளவு பற்றவில்லை போல என்று மறுபடியும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் பதினொரு குட்டியில் நான்கு போய்விட்டன.

ஐந்தாவது குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. சாணத்தைக் கொஞ்சம் எடுத்து உப்புநீரில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். சின்னச் சின்ன முட்டை வடிவங்கள், உள்ளே ஒரு உருண்டை, ஓரத்தில் மெல்லிய கோடு. வட்டத்துக்குள் எண்ண முடியாத அளவுக்குக் கிடந்தன. “இது புழு இல்லைங்க. நீங்க ஊத்தின மருந்து இதை ஒண்ணும் பண்ணாது” என்றார்.

குட்டி வளர்க்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். குட்டிக்கு வரும் கழிச்சல் எல்லாம் புழுவால் வருவதில்லை. ஒரு மாதத்துக்கும் ஐந்து மாதத்துக்கும் இடைப்பட்ட வயதில், மழைக்காலத்தில், ஒரே கொட்டகையில் நெருக்கியடித்துக் கிடக்கும் குட்டிகளுக்கு வரும் கழிச்சல் பெரும்பாலும் காக்சிடியோசிஸ். நம் பக்கத்தில் ரத்தக்கழிச்சல் என்பார்கள். அந்தப் பெயரும் கொஞ்சம் ஏமாற்றுகிற பெயர்தான். கோழியில் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். வெள்ளாட்டுக் குட்டியில் பல நேரம் ரத்தமே தெரியாது. ரத்தம் இல்லையே, அப்படியானால் இது அது இல்லை என்று நினைத்தால் நாள் கைவிட்டுப் போய்விடும்.

உள்ளே என்ன நடக்கிறது

இதற்குக் காரணம் ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி, பொதுவாகக் காக்சிடியா என்பார்கள். வெள்ளாட்டில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அதிகம் கெடுதல் செய்பவை ஐமீரியா அர்லோய்ங்கி, ஐமீரியா நினாகோலியாகிமோவே. இரண்டாவது பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குட்டி கழிந்துவிடும், பெயர் நமக்கு வேண்டாம். நாட்கணக்குத்தான் வேண்டும்.

நோயுள்ள ஆட்டின் சாணத்தில் ஊசிஸ்ட் என்கிற, முட்டை மாதிரியான உறைகள் வெளியே வருகின்றன. வந்த உடனே அவற்றால் நோய் உண்டாக்க முடியாது. ஈரம், கதகதப்பு, காற்று மூன்றும் கிடைத்தால் இரண்டு நாளில் இருந்து ஒரு வாரத்துக்குள் உள்ளே எட்டு விதை உருவாகி விழுங்கப்படக் காத்திருக்கும். குட்டி தரையை நக்கும்போதோ, மிதிபட்ட தழையைத் தின்னும்போதோ, அழுக்கு மடியில் பால் குடிக்கும்போதோ அது வயிற்றுக்குள் போகிறது. அங்கே உறை கிழிந்து, விதைகள் குடல் சுவரின் செல்லுக்குள் நுழைந்து, ஒன்று ஆயிரக்கணக்காகப் பெருகி, அந்தச் செல்லை வெடித்துக்கொண்டு வெளியே வருகின்றன. இது சில சுற்று நடக்கும். இரண்டு மூன்று வாரத்தில் புது ஊசிஸ்ட் சாணத்தில் இறங்கும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, கழிச்சல் வெளியே தெரிகிற நாளில் குடலின் உள்தோல் ஏற்கெனவே உரிந்துபோயிருக்கும். மருந்து ஒட்டுண்ணியை நிறுத்தும், உரிந்த தோலை ஒட்டவைக்காது. இரண்டாவது, சாணம் விழுந்து இரண்டு நாளுக்குள் அதை அள்ளிவிட்டாலோ காயவைத்துவிட்டாலோ சுற்று அறுந்துபோகும். ஈர நிழலில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிற ஊசிஸ்ட், காய்ந்த தரையில் அடிக்கிற வெயிலைத் தாங்குவதில்லை.

மந்தையை இரவில் வயலில் அடைத்துக் கிடை போடுகிறவர்களைக் கேளுங்கள். மந்தை மேயப் போகும்போது குட்டிகளைக் கூடாப்பு என்கிற, தூக்கி மாற்றக்கூடிய கூண்டில் அடைப்பார்கள். கிடை அடுத்த வயலுக்கு மாறும்போது கூடாப்பும் மாறும். சுத்தம் பற்றி யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. ஆனாலும் நேற்று விழுந்த புழுக்கை நாளை விதையாகிறபோது குட்டி அங்கே இருப்பதில்லை. வெள்ளாடு இயல்பிலேயே தலையைத் தூக்கித் தழை தின்கிற பிராணி. கீழே கிடக்கிற புழுக்கைக்கும் அதன் வாய்க்கும் தூரம் அதிகம். கொட்டகை கட்டி, தழையைத் தரையில் போட்டு, அந்தத் தூரத்தை இல்லாமல் செய்தது நாம்தான்.

பெரிய ஆடுகளுக்கும் இந்த ஒட்டுண்ணி உண்டு. ஆனால் அவை சின்ன வயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி எதிர்ப்புச் சக்தி பெற்றவை, நோய் தெரியாது. சாணத்தில் மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும், ஈனும் சமயத்தில் இன்னும் அதிகமாக. அதனால் ஒட்டுண்ணியே இல்லாத பட்டி என்பது நடக்காத காரியம். குட்டி கொஞ்சமாக வாங்கிப் பழக வேண்டும், மொத்தமாக வாங்கிச் சாகக் கூடாது. நாம் செய்ய முடிவது அவ்வளவுதான்.

கோழியின் ரத்தக்கழிச்சல் ஆட்டுக்கு ஒட்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஒட்டாது. கோழிக்கு வேறு இனம், மாட்டுக்கு வேறு இனம். ஆனால் கொட்டகைக்குள் சீய்க்கிற கோழி, ஆட்டுச் சாணத்தைக் காலில் சுமந்துபோய்த் தீவனத் தொட்டியில் இறக்கிவிடும். அதற்காகக் கோழியைத் தனியே அடைக்கலாம்.

முதல் படி: வயதைக் கணக்குப் போடுங்கள், அப்புறம் வாலைத் தூக்குங்கள்

பிறந்த முதல் வாரத்தில் கழிந்தால் அது காக்சிடியா இல்லை, அதற்கு அவகாசமே கிடையாது. பாக்டீரியா, சீம்பால் கிடைக்காதது, அளவுக்கு மீறிப் பால் குடித்தது இந்தப் பக்கம் பாருங்கள். மூன்று வாரம் தாண்டியதும் காக்சிடியா சந்தேகப் பட்டியலில் முதலில் வரும். பால் மறக்கடிக்கிற சமயம்தான் உச்சம்.

தொடக்கத்தில் புழுக்கை தனித்தனியாக விழாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக விழும். அப்புறம் களி மாதிரி, அப்புறம் தண்ணீராகப் பீச்சும். சளி கலந்திருக்கும், சில குட்டிகளில் ரத்தக்கோடு. முக்கிக்கொண்டே நிற்கும், சிலதுக்கு ஆசனவாய் பிதுங்கும். ரோமம் சிலிர்த்து மங்கும். ஒன்றிரண்டு குட்டி கழிவதற்கு முன்பே செத்துவிடுவதும் உண்டு. அப்படிச் செத்த குட்டியைப் புதைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுகுடலின் வெளிப்பக்கத்தில் இருந்தே வெள்ளையும் வெளிர்மஞ்சளுமான புள்ளிகள் தெரியும். மீதிக் குட்டிகளைக் காப்பாற்ற அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

மற்ற நோய்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க இவற்றையும் பாருங்கள்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கிறது, தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது, ஆனால் கழிச்சல் பெரிதாக இல்லை: இது நான்காம் வயிற்றில் ரத்தம் உறிஞ்சுகிற ஹீமாங்கஸ் புழு. குடற்புழு மருந்து வேண்டிய இடம் இதுதான்.

சாணத்தில் வெந்த அரிசி மாதிரித் துண்டுகள்: நாடாப்புழு. பார்க்கப் பயமாக இருக்கும், அவ்வளவாகக் குட்டியைக் கொல்லாது.

ஏரிக்கரை, கண்மாய்க்கரையில் மேய்ந்த குட்டி, கெட்ட நாற்றத்தோடு தண்ணீராகக் கழிகிறது: நத்தை வழியாக வரும் ஆம்பிஸ்டோம் என்கிற தட்டைப்புழுவாக இருக்கலாம். வழக்கமான குடற்புழு மருந்தான அல்பெண்டசோல் இதன் இளம்புழுவுக்கு எட்டாது, ஆக்ஸிகுளோசனைடு போன்ற வேறு மருந்து வேண்டும்.

காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கூடவே கழிச்சல்: ஆட்டுக்கொல்லி. இதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், பட்டி முழுக்கப் பரவும்.

நேற்று வரை கொழுகொழுவென்று இருந்த குட்டி, மழைக்குப் பிறகு தளிர்ப்புல் மேய்ந்த மறுநாள் துள்ளி விழுந்து சாகிறது: துள்ளுமாரி.

காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. சாதாரணத் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். குட்டிக்கு 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. காக்சிடியாவில் பெரும்பாலும் காய்ச்சல் பெரிதாக இருக்காது. 100க்குக் கீழே போய்விட்டால்தான் ஆபத்து. குட்டி குளிர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: புழுக்கையைக் கொண்டுபோங்கள்

இந்த ஒரு படியை மட்டும் தாண்டாதீர்கள். கையுறை போட்டு, ஒரு விரலில் எண்ணெய் தடவி, குட்டியின் ஆசனவாயில் இருந்தே எடுங்கள். தரையில் கிடப்பதை எடுத்தால் யாருடையது என்று தெரியாது, மண்ணில் வாழ்கிற புழுக்களும் சேர்ந்துவிடும். கழிகிற குட்டி இரண்டு, அதே அறையில் நன்றாக இருக்கிற குட்டி மூன்று நான்கு என்று தனித்தனிச் சின்னப் பொட்டலமாகக் கட்டுங்கள். பையில் காற்றை வெளியேற்றி, பெயரோ அடையாளமோ எழுதி, வெயில் படாமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

அங்கே செய்வது எளிமையானது. உப்பு இனி கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் சாணத்தைக் குழப்பி, டீ வடிகட்டி மாதிரி ஒன்றில் வடித்து, சிறு குழாயில் விளிம்பு ததும்ப ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடியை வைப்பார்கள். கால் மணி நேரம் போல விட்டால் ஊசிஸ்டும் புழு முட்டையும் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். தட்டைப்புழு முட்டை மட்டும் கனமானது, மிதக்காது, அதைப் படிய வைத்துப் பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் மேய்ந்த குட்டி என்றால் அதை வாய் திறந்து சொல்லுங்கள்.

எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு எடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடியாடுகிற குட்டியின் சாணத்திலும் ஊசிஸ்ட் நிறைய இருக்கலாம். கடுமையாகக் கழிகிற குட்டியில் தொடக்க நாட்களில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம், ஏனென்றால் குடல் உரிவது முதலில், ஊசிஸ்ட் இறங்குவது பிறகு. வயது, மழை, நெருக்கடி, வால், கண்ணாடித் தகடு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். ஆடுகளைக் கொண்டுபோக வழி இல்லை என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

மூன்றாம் படி: மருந்துக்கு முன் தண்ணீர்

கழிகிற குட்டி ஒட்டுண்ணியால் சாவதைவிட நீர் வற்றித்தான் அதிகம் சாகிறது. கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று படிந்தால் சரி. மடிப்பு நின்று மெல்லப் படிந்தாலோ, கண் உள்ளே போயிருந்தாலோ, நீர் வற்றிவிட்டது.

மருந்துக்கடையில் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ் பொட்டலமே போதும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. 8 கிலோக் குட்டி உடல் எடையில் 5 சதவீதம் நீர் இழந்திருந்தால் அதுவே 400 மில்லி. அதோடு அன்றன்றைக்குக் கழிச்சலில் போவதையும் ஈடுகட்ட வேண்டும். ஒரே தடவையில் ஊற்றாமல் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 100 மில்லி, வெதுவெதுப்பாக. பால் குடிக்கிற குட்டிக்குப் பாலை நிறுத்த வேண்டாம். கரைசலைப் பாலில் கலக்கவும் வேண்டாம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி விடுங்கள்.

படுத்துவிட்ட, வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்று இருக்கிற, சப்பாத குட்டிக்கு வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள். முதலில் சாக்கு, வெந்நீர் பாட்டில், பல்பு என்று எதையாவது வைத்துச் சூடு ஏற்றுங்கள். அதற்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும், அது மருத்துவர் வேலை.

ஊற்றுகிற விதத்திலும் குட்டி செத்திருக்கிறது. தலையை வானம் பார்க்கத் தூக்கி, நாக்கைப் பிடித்துக்கொண்டு, நடு வாயில் கவிழ்ப்பதுதான் நம் ஊர் வழக்கம். மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். தலை முதுகு மட்டத்தில் இருக்கட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சை வாயோரமாகப் பல் இல்லாத இடைவெளியில் நுழைத்து, நாக்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விழுங்கிய பிறகு அடுத்தது. இருமினால் உடனே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: மருந்தும் எடைக்கணக்கும்

கண்ணால் பார்த்து எடை சொல்கிற திறமை சந்தையில் உதவும், மருந்துக்கு உதவாது. குட்டியைச் சாக்குப்பையில் நிறுத்தித் தலை வெளியே தெரிய, தொங்கும் தராசில் மாட்டிவிடுங்கள். அரை நிமிட வேலை.

ஆம்ப்ரோலியம்தான் எளிதில் கிடைப்பது. கிலோவுக்கு 25 முதல் 50 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை, ஐந்து நாள். 20 சதவீதத் தூளாக வருவதில் ஒரு கிராமில் 200 மில்லிகிராம் மருந்து இருக்கும். 8 கிலோக் குட்டிக்கு 50 மில்லிகிராம் வீதம் 400 மில்லிகிராம், அதாவது 2 கிராம் தூள். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்ற வேண்டும். குடிநீர்த் தொட்டியில் கலப்பது கோழிக்குச் சரி. நோயுள்ள குட்டி தண்ணீரே குடிக்காது, நன்றாக இருக்கிற குட்டிதான் மருந்தையும் குடித்துவிட்டுப் போகும்.

இந்த மருந்து வேலை செய்கிற விதம் வேடிக்கையானது. பி1 வைட்டமின் மாதிரி வேஷம் போட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. அதனால் அந்த ஐந்து நாளும் கூடவே பி காம்ப்ளெக்ஸ் டானிக் ஊற்றினால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குகிற கதைதான். கழிகிற குட்டிக்கு முதலில் டானிக் வாங்குவதுதான் நம்மில் பாதிப் பேருக்குப் பழக்கம். இன்னொரு பக்கம், அளவு மீறியோ நாள் மீறியோ கொடுத்தால் குட்டிக்கே பி1 பற்றாமல் போய், தலையைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்க்கும், கண் தெரியாமல் சுவரில் முட்டும். அப்படிக் கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போய் பி1 ஊசி போட வேண்டும்.

டோல்ட்ராசுரில் ஒரே வேளை மருந்து. செம்மறிக் குட்டிகளுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு, வெள்ளாட்டுக் குட்டிக்குச் சில மருத்துவர்கள் கூட்டிச் சொல்வார்கள். 5 சதவீத மருந்தில் 8 கிலோக் குட்டிக்கு 20 மில்லிகிராம் வீதம் 3.2 மில்லி. கோழிக்கென்று விற்கும் 2.5 சதவீதக் கரைசல் காரத்தன்மை மிகுந்தது, நிறையத் தண்ணீரில் கலப்பதற்கென்று செய்தது. அதை அப்படியே குட்டியின் வாயில் ஊற்றினால் தொண்டை வெந்துபோகும்.

சல்ஃபா மாத்திரைகள் பழைய மருந்து, இன்னும் பயன்படுகிறது. பாக்டீரியா சேர்ந்திருந்தால் அதையும் அடக்கும். ஆனால் நீர் வற்றிய குட்டிக்குக் கொடுத்தால் சிறுநீரகத்தில் மணலாகப் படியும், அதனால்தான் தண்ணீரை முதலில் எழுதினேன். இந்த மருந்துகளில் பல, ஆட்டுக்கென்று லேபிள் இல்லாமல் வருபவை. உங்கள் குட்டிக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவர் வாயால் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கறிக்கு விற்கிற குட்டியாக இருந்தால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

மனிதருக்கான பேதி நிறுத்தும் மாத்திரை வேண்டாம். மாதுளை ஓடு, வெந்தயம், கறிவேப்பிலை அரைத்துக் கொடுப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன், என் வீட்டிலும் கொடுக்கிறோம். வயிற்றுக்கு இதம்தான். ஆனால் அதைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் அந்த மூன்று நாள்தான் குட்டியின் உயிர்.

கழிகிற குட்டியைப் பிரித்துத் தனியே வையுங்கள். ஆனால் மருந்து அதற்கு மட்டும் போதாது. அதே அறையில் அதே தரையை நக்கிய எல்லாக் குட்டிகளுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இன்றைக்கு நன்றாக இருக்கிற குட்டிக்குத்தான் இந்த மருந்தால் முழுப் பலன் கிடைக்கும்.

பிழைத்த குட்டி உடனே தேறிவிடாது. குடல் உள்தோல் வளரச் சில வாரம் ஆகும், அதுவரை தின்றது உடம்பில் ஒட்டாது. வயிறு மட்டும் பெருத்து, முதுகெலும்பு தெரியும். அடர்தீவனத்தைக் குறைத்து, அகத்தி, வேலிமசால் மாதிரி வாடவைத்த தழையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சில குட்டிகள் கடைசிவரை சவலையாகவே நிற்கும். அவற்றை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாம் படி: தரை

பெரிய வேலை இங்கேதான். பினாயில் ஊற்றினால், பிளீச்சிங் பவுடர் தூவினால் நாற்றம் போகும், ஊசிஸ்ட் போகாது. அதன் உறை அப்படி. அதைக் கொல்வது சூடும் வறட்சியும்தான். சிமென்ட் தரையானால் கூட்டிச் சுரண்டிவிட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பிறகு நாள் முழுக்கக் காயல். தீ பீய்ச்சும் ஃபிளேம் கன் இருந்தால் குட்டிகளை வெளியேற்றிவிட்டுச் சுடலாம், ஓலைக் கூரைக்குக் கீழே அந்த யோசனையே வேண்டாம். மண் தரையானால் ஈனும் காலத்துக்கு முன் மேல்மண்ணை அள்ளிவிட்டுப் புதுமண் போட்டு இடித்து, சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். சுண்ணாம்பின் உதவி, முக்கியமாக ஈரத்தை உறிஞ்சுவது.

அன்றாடம் கூட்டுவது கட்டாயம். இரண்டு நாள் கணக்கை நினைவில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டுகிற கொட்டகையில் ஊசிஸ்டுக்குப் பள்ளிக்கூடமே நடக்கும். அள்ளிய எருவைக் கொட்டகையை ஒட்டிக் குவிக்காமல் தள்ளிக் குவித்து மூடுங்கள், மக்கும் சூட்டில் பெரும்பகுதி அழியும். பச்சை எருவைத் தீவனப் பயிருக்குப் போட்டு அதையே அறுத்துக் குட்டிக்குப் போடாதீர்கள்.

பரண் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பரண் நல்லது, சாணம் கீழே விழுந்துவிடும். ஆனால் குட்டிக் கால் மாட்டிக்கொள்ளும் என்று சட்டங்களை நெருக்கி அடித்தால் புழுக்கை இடுக்கில் அடைத்துக்கொண்டு மேலேயே நிற்கும். பரண் மேல் வளர்த்த குட்டிகளுக்கும் இந்த நோய் வந்து பார்த்திருக்கிறேன். வந்த வழி தரை இல்லை, தீவனத் தொட்டி.

ஆறாம் படி: வாய்க்கும் சாணத்துக்கும் தூரம்

மத்தியானம் ஒருமுறை சத்தமில்லாமல் போய்ப் பாருங்கள். தீவனத் தொட்டிக்குள் இரண்டு குட்டி சுருண்டு படுத்திருக்கும், அதற்கு அதுதான் கட்டில். தின்பதும் கழிவதும் ஒரே இடத்தில். என் தொட்டிக்கு மேலே நீளவாக்கில் ஒரு கம்பு கட்டினேன், தலை மட்டும் நுழைகிற இடைவெளி விட்டு. செலவு ஒன்றும் இல்லை. தழையைக் கட்டாகக் கட்டி, குட்டி கழுத்தை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் தொங்கவிடுங்கள். கீழே விழுந்ததை அள்ளி மறுபடி கட்டிவிடாதீர்கள். சிக்கனம்தான், ஆனால் அது மருந்துக்கடைக்குப் போகிற சிக்கனம்.

தண்ணீர்த் தொட்டியை உயர்த்தி, முன்னால் ஒரு செங்கல் வரிசை வையுங்கள். குட்டி முன்காலை அதன்மேல் வைத்துக் குடிக்கும், பின்பக்கம் தொட்டியை விட்டுத் தள்ளி இருக்கும். தொட்டியைச் சுற்றிச் சேறாகாமல் சரளைக்கல் போடுங்கள். கொட்டகையில் எப்போதும் ஈரம் நிற்கிற இடம் அது ஒன்றுதான்.

குட்டிக்கு 4 முதல் 5 சதுர அடியாவது வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு மேல். மூத்த குட்டியையும் இளங்குட்டியையும் ஒன்றாக அடைக்காதீர்கள். மூத்தது ஊசிஸ்டை விட்டுக்கொண்டே இருக்கும், இளையது வாங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் வயது வித்தியாசம் இருந்தால் தனி அறை.

ஏழாம் படி: ஈனுவதற்கு முன்பும் பால் மறக்கும்போதும்

சினை ஆட்டை ஈனுவதற்குச் சில நாள் முன்பே காய்ந்த, புது வைக்கோல் போட்ட இடத்துக்கு மாற்றுங்கள். மடியில் ஒட்டிய சாணத்தை வெந்நீரில் துடையுங்கள், குட்டியின் முதல் வாய் அங்கேதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் நாளுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 2 கிலோக் குட்டிக்கு 200 மில்லி. சீம்பால் காக்சிடியாவை நேரடியாகத் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மாதத்தில் வேறு நோய் வாங்காத குட்டி இரண்டாம் மாதத்து அடியைத் தாங்கும்.

பால் மறக்கடிப்பதை ஒரே நாளில் செய்யாமல் இரண்டு வாரத்துக்கு இழுங்கள். அந்த வாரமே தடுப்பூசி, அந்த வாரமே விதையடிப்பு, அந்த வாரமே கொட்டகை மாற்றம் என்று அடுக்காதீர்கள். குட்டி கலங்குகிற சமயம் பார்த்துத்தான் அடங்கிக் கிடந்தது பெருகும். சந்தைக் குட்டிக்கும் இதே கதை. எட்டயபுரத்திலோ அய்யலூரிலோ வாங்கி, வேனில் நெருக்கி, வீட்டில் புதுத் தீவனம் போட்டால் இரண்டாம் வாரம் கழியும். மூன்று வாரம் தனிப் பட்டியில் வைத்து, சாணம் பார்த்த பிறகு கூட்டத்தில் விடுங்கள்.

வருடா வருடம் ஒரே சமயத்தில் வருகிறது என்றால் தடுப்பு மருந்து கேட்கலாம். நோய் வழக்கமாகத் தெரிகிற வயதுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு டோல்ட்ராசுரில் ஒரு வேளை கொடுப்பது ஒரு வழி. அதற்கு எந்த வயதில் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே! ஒரு நாற்பது பக்க நோட்டில் ஈன்ற தேதி, முதல் கழிச்சல் தேதி, மழை என்று மூன்று பத்தி போதும். என் நோட்டில் மூன்று வருடமும் ஏழாவது வாரம் என்றே விழுந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு மருத்துவர் ஆறாவது வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

கோழித் தீவனத்தில் காக்சிடியா மருந்து இருக்கிறதே, அதையே கொஞ்சம் போடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அதில் கலக்கிற சாலினோமைசின் போன்றவை அளவு கொஞ்சம் மீறினாலும் ஆட்டின் இதயத்தைத் தாக்கும்.

குடற்புழு நீக்கமும் வேண்டும்தான், அது தனிக் கணக்கு. மழைக்கு முன்னும் பின்னும் சாணம் பார்த்து, இருக்கிற புழுவுக்கு ஏற்ற மருந்தை, எடை பார்த்துக் கொடுங்கள். செம்மறிக்குச் சொல்கிற அளவு பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது. சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கூடாது. பார்க்காமல் மாதாமாதம் ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும், காக்சிடியா எப்போதும்போல் இருக்கும்.

மருந்து கொடுத்து முடித்த தேதியில் இருந்து மூன்றாவது வாரம் நோட்டில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்கு மறுபடியும் ஐந்தாறு குட்டியின் புழுக்கையை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போக வேண்டும். எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தாலும் சரி, மழை விட்டிருந்தாலும் சரி.